விக்கல் எடுத்த விமானம்

"மாமா, உங்க ப்ளேன் விக்குது."

அக்கா மகன் சொன்னான். பதினோரு வயது. கையில் முறுக்கு, கண் திரையில். நான் செஸ்னா 172-ஐ சான் பிரான்சிஸ்கோவின் 28ஆர் ஓடுபாதைக்கு இறக்கிக்கொண்டிருந்தேன். கீழே வளைகுடாத் தண்ணீர், சான் மட்டேயோ பாலம் கடந்து போயிற்று, வேகம் 65 நாட். எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆனால் சில விநாடிக்கு ஒருமுறை படம் சட்டென்று நின்று, பிறகு ஒரு குதி குதித்து நகர்ந்தது. ஓடுபாதைக்கு இருபதடி உயரத்தில் மூக்கைத் தூக்கும் நேரம் பார்த்து மறுபடியும் ஒன்று. நான் பயந்து ஜாய்ஸ்டிக்கை இழுத்தேன், விமானம் மிதந்தது, தள்ளினேன், விழுந்தது. இரண்டு குதி, மூன்றாவதில் இறக்கை தரையில் உரசியது.

"யாரோ நினைக்கிறாங்க போல" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த முறுக்கை எடுக்கப் போனான்.

இரண்டு மாதமாக எனக்குத் தீராத தலைவலி அது. 'பிரேம் ரேட் குறைகிறது', அதாவது விநாடிக்கு வரும் படங்கள் குறைகின்றன என்றுதான் நான் அதற்குப் பெயர் வைத்திருந்தேன். பையன் வைத்த பெயர்தான் சரி. குறைவது வேறு, விக்குவது வேறு. அந்த வேறுபாடு புரிந்திருந்தால் இரண்டு மாதம் இரண்டு நாளாகியிருக்கும்.

தெரியாதவர்களுக்கு: நான் ஓட்டுவது ஃப்ளைட்கியர். 1996-இல் ஒரு யோசனையாகத் தொடங்கி, 1997-இலிருந்து தன்னார்வலர்கள் கட்டிவரும், விமானம் ஓட்டுவதைக் கணினியில் அப்படியே காட்டும் மென்பொருள். ஜிபிஎல் உரிமத்தில் இருக்கிறது. காசு கிடையாது, மூலநிரல் முழுக்கத் திறந்திருக்கிறது. உலகம் முழுவதன் நிலப்பரப்பையும் பறக்கப் பறக்க இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளும். கேட்க நன்றாக இருக்கிறதல்லவா? சிக்கல் என்று வந்தால் கஸ்டமர் கேர் எண் கிடையாது. ஆனால் வயிற்றைத் திறந்து பார்க்க எல்லாக் கருவியும் உள்ளேயே வைத்திருக்கிறார்கள். பழுது பார்க்கும் ஆசை உள்ளவனுக்கு அது பெரிய வசதி. நேரத்தைத் தின்பதும் அதுதான்.

முதலில் ஒரு கணக்கு. என் லேப்டாப்பில் திரையின் கீழ் மூலையில் வழக்கமாகத் தெரியும் எண் 50. அதாவது விநாடிக்கு 50 படம், படத்துக்கு 20 மில்லிவிநாடி. இப்போது ஒரே ஒரு படம் மட்டும் 100 மில்லிவிநாடி எடுத்துக்கொண்டது என்று வையுங்கள். மீதி 900 மில்லிவிநாடியில் 45 படம் வந்துவிடும். ஆக மொத்தம் 46. மூலையில் 50 இருந்த இடத்தில் 46 காட்டும். யாராவது கவனிப்போமா? "பரவாயில்லையே, நாற்பதுக்கு மேலே இருக்கே" என்றுதான் நானும் நினைத்தேன். சராசரியைப் பார்த்து விக்கலைக் கண்டுபிடிக்க முடியாது. வீட்டில் மாதம் சராசரியாக எவ்வளவு தண்ணீர் வந்தது என்று பார்த்து, எந்த நாள் குழாய் வறண்டது என்று சொல்ல முடியாதல்லவா, அது மாதிரி. ஃப்ளைட்கியரில் அதிகபட்சமாக ஒரு படம் எத்தனை மில்லிவிநாடி எடுத்தது என்று காட்டும் வசதியும் உண்டு. அதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் விஷயம் தெரிந்தது. புறப்படும்போது 25, 30 என்று இருந்தது, இறங்கும்போது 90-ஐத் தாண்டியிருந்தது.

அந்த 90 ஏன் இறங்கும்போது மட்டும் இவ்வளவு வதைக்கிறது என்பதும் சுவாரசியமான விஷயம். விமானத்தின் இயக்கக் கணக்கு படத்தோடு சேர்ந்து ஓடுவதில்லை. அது விநாடிக்கு 120 தடவை என்று தனியாக ஓடுகிறது. 30 படம் வரும் கணினியில் ஒரு படத்துக்கு நான்கு தடவை கணக்குப் போடும். ஒரு படம் 100 மில்லிவிநாடி இழுத்தால், விட்டுப்போன 12 கணக்கையும் அடுத்த படத்துக்கு முன்னால் மொத்தமாகப் போட்டுத் தீர்க்கும். அந்த 12-க்கும் ஜாய்ஸ்டிக் இருந்த இடம் ஒன்றுதான். நடுவில் நான் கையை எப்படி அசைத்தாலும் விமானத்துக்குத் தெரியாது. 60 நாட் வேகத்தில் அந்நேரத்தில் விமானம் மூன்று மீட்டர் முன்னே போயிருக்கும். பத்தாயிரம் அடியில் மூன்று மீட்டர் ஒன்றுமில்லை. ஓடுபாதைக்கு இருபதடி மேலே, மூக்கு தூக்குகிற நொடியில், அதுதான் என் கையையும் விமானத்தையும் பிரித்துவிடுகிறது.

சரி, யார் குற்றவாளி?

எல்லோரையும் போல முதலில் கிராபிக்ஸ் கார்டைத்தான் சந்தேகித்தேன். அதற்கு ஒரு பழைய காயமும் காரணம். ஒருமுறை லினக்ஸில் கார்டின் டிரைவர் மென்பொருளைப் புதுப்பித்த பிறகு எல்லாம் ஆமை வேகத்தில் ஓடியது. கார்டு தூங்கிக்கொண்டிருக்க, எல்எல்விஎம்பைப் என்ற மென்பொருள் மொத்தப் படத்தையும் பிராசசரை வைத்தே வரைந்துகொண்டிருந்தது. உதவி மெனுவில் 'இதைப் பற்றி' என்ற பெட்டியைத் திறந்தால், படம் வரைவது யார் என்று பெயரோடு எழுதியிருக்கும். இரண்டு கார்டு உள்ள லேப்டாப் வைத்திருப்பவர்கள் வேறு எதையும் தொடுவதற்கு முன் அந்த ஒரு வரியைப் பார்த்துவிடுவது நல்லது. இந்தமுறை என் கார்டின் பெயர்தான் இருந்தது.

அடுத்தது ஜன்னலைச் சுருக்கும் சோதனை. காசில்லாத சோதனை, ஆனால் பலர் செய்வதில்லை. முழுத்திரையில் ஓடும் ஜன்னலைக் கால்வாசியாகச் சுருக்குங்கள். கார்டு வரைய வேண்டிய புள்ளிகள் கால்வாசியாகிவிடும். படம் வேகமாகிவிட்டால் கார்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். எந்த மாற்றமும் இல்லையென்றால் கார்டு சும்மா உட்கார்ந்து பிராசசருக்காகக் காத்திருக்கிறது. நான் சுருக்கினேன். எண் 50-லிருந்து கொஞ்சம் ஏறியது. விக்கல் அப்படியே இருந்தது. கார்டு நிரபராதி. அன்றே அதை விட்டிருக்க வேண்டும். விடவில்லை.

ஏனென்றால் எனக்கு இன்னொரு சந்தேகம் உறுதியாக இருந்தது. நான் வழக்கமாகப் பறப்பது மான்டரேயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு. ஏறக்குறைய 70 கடல் மைல், செஸ்னாவில் நாற்பது நிமிடம். கிளம்பும் இடம் சின்ன ஊர். இறங்கும் இடத்திலோ ஆயிரக்கணக்கில் கட்டடம், பாலம், நின்றுகொண்டிருக்கும் விமானங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற திறந்த வரைபடத்தின் தரவை வைத்து வரைந்த வீடுகள் தெருத் தெருவாக முளைக்கின்றன. விக்கல் வருவது இறங்கும்போது. அப்போது குற்றவாளி ஊர்தானே?

நிரூபிக்கப் பசிபிக் பெருங்கடலின் நடுவில் விமானத்தை நேராக வானில் நிறுத்தி ஓட்டினேன். சுற்றிலும் தண்ணீர், ஒரு கட்டடம் கிடையாது. பத்து நிமிடம் பறந்தேன். பட்டுப்போல் ஓடியது. முடிந்தது கதை, கட்டடங்கள்தான் காரணம் என்று எழுதி வைத்துக்கொண்டேன்.

எங்கே தவறினேன் என்று இப்போது படிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். எனக்கு அப்போது தெரியவில்லை. இடத்தை மாற்றினேன், கூடவே நேரத்தையும் மாற்றிவிட்டேன். நாற்பது நிமிடப் பறப்பையும் பத்து நிமிடப் பறப்பையும் பக்கத்தில் வைத்துக் கட்டடத்தைக் குற்றம் சொன்னேன்.

அதன் விளைவு, ஒரு சனி ஞாயிறு முழுக்கக் கலிபோர்னியாவை மொட்டையடித்தேன். மரங்களைக் குறைத்தேன். வீடுகளை எடுத்தேன். முப்பரிமாண மேகங்களை அணைத்தேன். தொலைவில் உள்ளவை எந்தத் தூரத்திலிருந்து தெரியத் தொடங்க வேண்டும் என்ற அளவுகளை இறுக்கினேன். மற்ற விமானப் போக்குவரத்தை நிறுத்தினேன். எண் 50-லிருந்து 70-க்கு ஏறியது. மகிழ்ச்சியோடு மான்டரேயில் கிளம்பி, வெறும் பச்சை மண்ணாகக் கிடந்த வளைகுடாவில் இறங்கினேன்.

விக்கல் முன்பைவிட மோசமாக இருந்தது.

இது என்னை ரொம்ப நேரம் குழப்பியது. சுமையைக் குறைத்தால் நோய் குறையாமல் போகலாம். கூடுவதற்கு என்ன நியாயம்? இப்போது யோசித்தால் இதைவிடப் பெரிய துப்பு வேறெதுவும் கிடைத்திருக்க முடியாது. அப்போது அதை ஒரு எரிச்சலாக மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். சராசரியும் விக்கலும் எதிரெதிர் திசையில் போகிறதென்றால், படம் வேகமாக வருவதாலேயே ஏதோ ஒன்று அதிகமாகச் சேர்கிறது என்று அர்த்தம். அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் வெயிலையும் குற்றம் சொன்னேன். மதுரையில் மே மாதம், மாடி அறை, லேப்டாப்பின் அடிப்பாகத்தில் தோசை வார்க்கலாம். சூடு கூடினால் பிராசசர் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் அந்த நோயின் முகமே வேறு. சூட்டில் எண் 50, 44, 38 என்று மொத்தமாக இறங்கும், அங்கேயே உட்காரும். ஒரு நொடி நின்று மறுநொடி ஓடாது. வெப்பநிலையைக் காட்டும் கட்டளையைப் பக்கத்துச் சாளரத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். விக்கலுக்கும் சூட்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் ஒரு கூலிங் பேட் வாங்கிவிட்டேன். அதை வீட்டில் இப்போது ரவுட்டருக்கு வைத்திருக்கிறார்கள்.

திருப்பம் வந்தது பையனால்தான். அடுத்த வாரம் வந்தவன், மான்டரேயில் நான் சும்மா ஏறி இறங்கிப் பழகுவதைப் பார்த்துக்கொண்டிருந்தான். "இங்க விக்கல மாமா. அங்க போனாத்தான் விக்குமா, இல்ல லேட்டானாத்தான் விக்குமா?"

கேள்வியைக் கேட்டுவிட்டு அவன் கீழே கிரிக்கெட் விளையாடப் போய்விட்டான். நான் செஸ்னாவை மான்டரேயிலேயே ஓரமாக நிறுத்தி, எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சாப்பிடப் போனேன். நாற்பது நிமிடம் கழித்து வந்து பார்த்தேன். விமானம் ஓரடி நகரவில்லை. புதிதாக ஒரு நிலத்துண்டுகூட ஏறவில்லை. காமிரா மெல்லச் சுற்றினால் படம் நின்று நின்று குதித்தது.

ஊரே காரணமில்லை. நேரம்தான். ஒரு வார இறுதி முழுக்க நான் வெட்டிய மரங்களை நினைத்துக்கொண்டேன்.

நேரம் ஆக ஆகக் கூடும் நோய் என்றால், ஏதோ ஒன்று எங்கேயோ சேர்கிறது. எங்கே? விமானத்திலா, மென்பொருளிலா? இதற்கும் ஃப்ளைட்கியரில் ஓர் அருமையான கருவி இருக்கிறது. பறக்கும் தட்டு. நிஜமாகவே. அடிப்படைத் தொகுப்போடு யூஎஃப்ஓ என்ற பெயரில் ஒரு பறக்கும் தட்டைத் தருகிறார்கள். எஞ்சின் கிடையாது, காற்றியக்கக் கணக்கு கிடையாது. சாதாரண விமானத்தை ஜேஎஸ்பிசிம் அல்லது யாசிம் என்ற இயக்கக் கணக்கு மாதிரிகள் ஓட்டுகின்றன. தட்டு அந்த வம்பெல்லாம் இல்லாமல் நினைத்த பக்கம் போகும், நினைத்த இடத்தில் நிற்கும். சோதனைக்கு இதைவிடச் சுத்தமான ஆள் கிடைக்காது. தட்டை நிறுத்திவிட்டு நாற்பது நிமிடம் காத்திருந்தேன்.

தட்டும் விக்கியது.

ஆக, செஸ்னா விடுதலை. பிழைதேடும் மெனுவில், மென்பொருளின் ஒவ்வோர் உட்பகுதியும் எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தேன். நான் அதுவரை அதில் சராசரிப் பத்தியை மட்டுமே பார்த்துவந்தவன். இம்முறை அதிகபட்சப் பத்தியைப் பார்த்தேன். 'நிகழ்வுகள்' என்ற பகுதியின் சராசரி ஒரு மில்லிவிநாடிக்குக் கீழே, அதிகபட்சம் 90-க்கு மேலே. பழையபடி அதே எண். படம் வரையும் பகுதியின் வண்ணப் பட்டைகளைத் திரையில் போட்டுப் பார்த்தால், விக்கும் நொடியில் அவை நீளவே இல்லை. நேரம் வரைவதற்கு முன்பே எங்கோ காணாமல் போகிறது.

நிகழ்வுகள் பகுதியில் இருப்பவை டைமர்கள். இத்தனை நேரத்துக்கு ஒருமுறை இந்த வேலையைச் செய் என்று நாசல் ஸ்கிரிப்ட்கள் கொடுத்து வைத்திருக்கும் வேலைகள். நாசல் என்பது ஃப்ளைட்கியருக்குள் இருக்கும் சின்ன நிரல்மொழி. ஆண்டி ராஸ் எழுதியது, யாசிமை எழுதியவரும் அவரே. கதவு திறப்பதிலிருந்து காக்பிட் திரைகள்வரை பாதி உலகம் அதில்தான் ஓடுகிறது. அதில் யாருடைய ஸ்கிரிப்ட்?

ஃப்ளைட்கியர் என் அமைப்புகளை வைக்கும் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு, புதிதாகத் தொடங்கவிட்டேன். நாற்பது நிமிடம். விக்கல் இல்லை. பழைய கோப்புறையிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பி வைத்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு சோதனைக்கும் நாற்பது நிமிடம், அதனால் இது இரண்டு மாலைகளைத் தின்றது. இரண்டாம் மாலை, நாசல் என்ற உட்கோப்புறையை வைத்தவுடன் விக்கல் திரும்பி வந்தது. அதற்குள் ஒரே ஒரு கோப்பு. பதினான்கு வரி. எழுதியவன் நான்.

இரண்டு மாதத்துக்கு முன் என் இறக்கங்கள் ஏன் சொதப்புகின்றன என்று தெரிந்துகொள்ள ஆசைப்பட்டு எழுதியது. ஒவ்வொரு படத்துக்கும் ஒருமுறை நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், இறங்கும் வேகம் ஐந்தையும் ஒரு சிறு பொட்டலமாகக் கட்டி ஒரு பட்டியலின் கடைசியில் சேர்க்கும். இறங்கிய பிறகு பட்டியலைக் கோப்பில் எழுதலாம் என்று நினைத்திருந்தேன். எழுதும் பகுதியை எழுதவே இல்லை. அந்தக் கோப்புறையில் போட்டதெல்லாம் தானாக ஓடும் என்பதால் அன்றிலிருந்து ஒவ்வொரு பறப்பிலும் கேட்பாரற்று ஓடிக்கொண்டிருந்தது, பறக்கும் தட்டிலும்கூட. விநாடிக்கு 50 படம், நாற்பது நிமிடம்: 1,20,000 பொட்டலம்.

நினைவகத்துக்கு அது பெரிய அளவில்லை. சிக்கல் குப்பை அள்ளுவதில். நாசல் பயன்படுத்தி முடித்த நினைவகத்தைத் தானே அள்ளிச் சுத்தம் செய்யும். எது குப்பை என்று தெரிய, எது குப்பை இல்லை என்று முதலில் பார்க்க வேண்டும். இன்னும் பயன்பாட்டில் இருக்கும் ஒவ்வொரு பொருளையும் தொட்டு அடையாளம் போட்டுவிட்டு, அடையாளம் இல்லாததைப் பெருக்கும். எங்கள் தெருவில் குப்பை வண்டி வரும் காட்சி எனக்கு நினைவுக்கு வந்தது. தெரு குறுகல். வண்டி நுழைந்தால் பைக்காரர், பால்காரர், ஸ்கூல் ஆட்டோ எல்லோரும் நிற்க வேண்டும். வண்டி ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று, "இது குப்பையா, இல்ல வச்சிருக்கீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகரும். பத்து வீடு என்றால் தெரியாது. நான் அந்தத் தெருவில் 1,20,000 வீடு கட்டி வைத்திருந்தேன். அத்தனை வாசலிலும் "வச்சிருக்கோம்" என்றே பதில்.

அதனால்தான் கிளம்பும்போது விக்கவில்லை. அதனால்தான் மூடித் திறந்தால் சரியாகிவிட்டது. அதனால்தான் மரத்தை வெட்டியதும் மோசமாகிவிட்டது: 70 படம் வந்தால் அதே நாற்பது நிமிடத்தில் 1,68,000 பொட்டலம். இறக்கம் ஏன் சொதப்புகிறது என்று பார்க்க வைத்த காமிரா, இறக்கத்தைச் சொதப்பிக்கொண்டிருந்தது.

வழியில் கண்ட சில்லறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன், யாருக்காவது பயன்படலாம். எண் சரியாக 60-லிருந்து 30-க்குத் தாவுகிறது, நடுவில் நிற்பதில்லை என்றால், திரையின் வேகத்தோடு படத்தைக் கட்டிப்போடும் விசிங்க் காரணமாக இருக்கலாம். 16.7 மில்லிவிநாடிக் கெடுவை மயிரிழையில் தவறவிட்டாலும் அடுத்த சுற்றுக்குத்தான் படம் போகும். இணையத்திலிருந்து இறக்கிய விமானத்தின் ஸ்கிரிப்ட் ஒன்றில் பிழையிருந்து, படத்துக்கு ஒருமுறை பதிவுக் கோப்பில் ஒரே வரியை எழுதிக்கொண்டிருக்கும் நோயும் உண்டு. பதிவுக் கோப்பின் அளவைப் பார்த்தாலே மாட்டிக்கொள்ளும். பலர் சேர்ந்து பறக்கும் வசதியில், புதிதாக ஒருவர் பெரிய விமானத்தோடு பக்கத்தில் தோன்றும்போது ஒரு குலுக்கல் வரும். அது ஒருமுறைதான், பொறுத்துக்கொள்ளலாம். எல்லாம் அதிகமாகத் தடுமாறும் கணினியில் உச்ச வேகத்தை 30 என்று கட்டிப்போடுவது மோசமான யோசனையில்லை. ஒரே சீராக வரும் 30, ஏறி இறங்கும் 55-ஐவிடக் கைக்கு இதம். என் விக்கலுக்கு மட்டும் அது கைவைத்தியம்தான். பொட்டலம் சேரும் வேகம் குறையும், சேர்வது நிற்காது.

ஸ்கிரிப்டைத் திருத்தத் தொடங்கினேன். ஓடுபாதைக்கு 500 அடிக்குக் கீழே வந்தால் மட்டும், விநாடிக்குப் பத்துமுறை மட்டும் என்று. அப்புறம்தான் தெரிந்தது, அதற்குத் தேவையே இல்லை. எந்த மதிப்புகளை, எத்தனை மில்லிவிநாடிக்கு ஒருமுறை, எந்தக் கோப்பில் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும், ஃப்ளைட்கியரே எழுதிவிடும். அந்த வசதி சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய மூலநிரலுக்கு உள்ளேயே இருக்கிறது. நாசல் பக்கமே போகாது, நினைவகத்தில் எதையும் சேர்த்து வைக்காது. என் பதினான்கு வரிக்கும் முன்பிருந்தே இருப்பது. ஆவணத்தைப் படிக்கவில்லை, வேறென்ன சொல்ல.

மரங்களையும் வீடுகளையும் திருப்பிக் கொடுத்தேன். மேகங்களைப் போட்டேன். ஞாயிற்றுக்கிழமை பையன் வந்திருந்தபோது மான்டரேயில் கிளம்பி, நாற்பது நிமிடம் கழித்து பாலத்தைக் கடந்து 28ஆருக்கு நேராக வந்தேன். அதிகபட்ச எண் 28-லேயே நின்றது. ஒரு குதி இல்லை, ஒரு நிறுத்தம் இல்லை. மூக்கைத் தூக்கினேன்.

தொப்பென்று விழுந்து, எழும்பி, மறுபடி விழுந்தது.

பதிவுக் கோப்பைத் திறந்து பார்த்தேன். தரையைத் தொட்ட நொடியில் இறங்கும் வேகம் நிமிடத்துக்கு 430 அடி. மூக்கைத் தூக்க ஆரம்பித்தது ஓடுபாதைக்கு ஆறடி உயரத்தில். பையன் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.

"இப்ப விக்கல் இல்ல மாமா."

"ஆமாடா."

"அப்ப இது நீங்கதான்."